சமீபத்தில் பார்த்த படங்கள்: பேசுகிறவர் நடிப்பா, கேட்கிறவர் நடிப்பா?

இடைவேளை:
மெய்யழகனை ஓடிடியில் மறுபடி ஓடவிட்டேன். 2024 செப்டம்பரில் படம் வந்தபோது எல்லோரும் கார்த்தியின் வெகுளித்தனத்தைப் பற்றியே பேசித் தீர்த்தோம். இந்தத் தடவை வேண்டுமென்றே கார்த்தியை விட்டுவிட்டு அரவிந்த்சாமி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தைத் தூக்கி நிறுத்துவது அவர்தான். அடிக்க வருவீர்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

கதை தெரியும்தானே. சொத்துத் தகராறில் 1996இல் தஞ்சாவூர் வீட்டை விட்டுக் கிளம்பிய குடும்பம். 22 வருடம் கழித்துத் தங்கை கல்யாணத்துக்காக அருள் (அரவிந்த்சாமி) நீடாமங்கலம் வருகிறான். தலையைக் காட்டிவிட்டு ஓடிவிட வேண்டும் என்பதுதான் அவன் திட்டம். அங்கே ஒருவன் (கார்த்தி) அத்தான், அத்தான் என்று ஒட்டிக்கொள்கிறான். யாரென்று தெரியவில்லை. பெயரைக் கேட்கவும் கூச்சம். இந்தக் கூச்சத்தைப் படம் முழுக்க அரவிந்த்சாமி சுமந்துகொண்டே நடக்கிறார். ஆரம்பத்தில் சிரிக்கும்போது உதடுதான் சிரிக்கிறது, கண் வேறு யாராவது வந்து காப்பாற்ற மாட்டார்களா என்று சுற்றிலும் தேடுகிறது. இரவு ஏற ஏற அந்தக் கண் அலைவது நிற்கிறது. அந்த மாற்றம் எந்த ஷாட்டில் நடந்தது என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. கார்த்திக்குப் பக்கம் பக்கமாக வசனம். இவருக்கு "ம்", "அப்படியா", அப்புறம் ஒரு சிரிப்பு. எதை வைத்து நடிப்பது சொல்லுங்கள்?

முன்வரிசை:
அண்ணே, அடிக்கத்தான் வருகிறேன். :)

அந்தப் பாத்திரத்தை வேறு யாராவது செய்திருந்தால் பத்தாவது நிமிடத்தில் எரிச்சல் வந்திருக்கும். மூச்சு விடாமல் பேசுகிறான், தொட்டுத் தொட்டுப் பேசுகிறான், ஓயாமல் உபசரிக்கிறான். காகிதத்தில் படித்தால் "ஐயோ, யாரப்பா இவன், விடமாட்டானா" என்று இருக்கும் ஆள். கொஞ்சம் கூடினால் கோமாளி, கொஞ்சம் குறைந்தால் ஏதோ காரியம் சாதிக்க வந்தவன் போல ஆகிவிடும். கார்த்தி அந்தக் கோட்டைத் தாண்டவே இல்லை. பருத்திவீரனில் (2007) அதே ஓயாத வாய்தான், ஆனால் அங்கே அந்த வாயைப் பார்த்தால் பயம் வரும். இங்கே அழுகை வருகிறது. ஒரே கருவியை வைத்து இரண்டு வேலை செய்ய எத்தனை பேரால் முடியும்?

கேட்கிறவருக்குக் கிடைக்கும் பாராட்டு பெரும்பாலும் கேமரா கொடுப்பது. முகத்தைக் க்ளோசப்பில் பிடித்து, கோவிந்த் வசந்தாவின் இசையைப் பின்னால் ஓடவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பழைய ரீல்:
முன்வரிசை தம்பி, க்ளோசப் எல்லோருக்கும்தான் வைக்கிறார்கள். வைத்த இடத்தில் உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே.

அரவிந்த்சாமி முதல் படமான தளபதியிலேயே (1991) கேட்கிற ஆள்தான். கலெக்டராக உட்கார்ந்து எதிரில் ரஜினியும் மம்மூட்டியும் பேசுவதை வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போது அவரிடம் விறைப்பு இருந்தது, அந்தப் பாத்திரத்துக்கு அது பொருந்திப் போனது. தனி ஒருவனில் (2015) அதே நிதானத்தை வில்லத்தனமாக மாற்றினார். மெய்யழகனில் அதே நிதானம் குற்ற உணர்ச்சி. சைக்கிள் கதையைக் கேட்கும் காட்சியைச் சொல்ல வேண்டும். தான் விட்டுவிட்டுப் போன ஒரு பழைய சைக்கிள் இன்னொரு குடும்பத்தையே கரை சேர்த்திருக்கிறது என்று அவன் சொல்லச் சொல்ல, இவருக்கு நன்றியை வாங்கிக்கொள்ளவும் வழியில்லை, அவன் பெயர்கூட ஞாபகம் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. அங்கே அவர் அழுகையை அடக்குவது அழகுக்காக அல்ல, மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. இந்த வித்தியாசம் தெரிந்து நடிப்பவர்கள் குறைவு.

ஆனால் படம் நீளம்தான். வெளியான சில நாட்களில் 18 நிமிடங்களுக்கு மேல் வெட்டினார்கள். வெட்டியதில் தப்பே இல்லை என்பது என் கட்சி. இரண்டு பேர் இரவெல்லாம் பேசுவதை இயக்குநர் பிரேம்குமார் 96லேயே (2018) செய்து காட்டியவர். அங்கே காதல் என்ற இழுவிசை இருந்தது. இங்கே அது இல்லாததால் பேச்சு வரலாறு, வீரம் என்று கிளை விடும்போது நமக்குக் கவனம் நழுவுகிறது.

நிழல்:
படத்தில் கெட்டவன் ஒருவன்கூட இல்லை, எல்லோரும் தங்கம். எனக்கு மூச்சு முட்டியது. நடிப்பு நன்றாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை.

மழைக்குருவி:
பேச்சே இல்லாத நடிப்பு என்றால் கொட்டுக்காளியை விட்டுவிட்டு எப்படிப் பேசுவது? அன்னா பென். படம் முழுக்க அவர் வாயைத் திறப்பது ஒரே ஒரு இடத்தில்தான். பேய் பிடித்திருக்கிறது என்று ஒரு ஆட்டோவில் ஏற்றி, சுற்றிலும் பைக்கில் ஆண்கள் காவலுக்கு வர, சாமியாடியிடம் கூட்டிப்போகிறார்கள். அந்தப் பெண் யாரையும் முறைப்பதுகூட இல்லை. எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த எங்கோ என்பதில்தான் அத்தனை பிடிவாதமும் இருக்கிறது. வழியில் காதில் விழும் ஒரு பாட்டுக்கு அவள் உதடு லேசாக அசையும். அதைப் பார்த்ததும் அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் பாண்டிக்கு (சூரி) வெறி பிடித்து, அவளையும் தடுக்க வந்தவர்களையும் போட்டு அடிக்கிறான். அடிக்கு முன்னால் இருந்த அதே முகம்தான் அடிக்குப் பின்னாலும். எனக்கு அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போகலாம் போல இருந்தது.

பின்னணி இசையே கிடையாது. ஆகவே "இசையை ஓடவிட்டால் பாதி வேலை முடிந்தது" என்ற முன்வரிசையின் வாதம் இங்கே செல்லாது.

முன்வரிசை:
அங்கேயும் நான் சூரி பக்கம்தான். அன்னா பென் நன்றாகச் செய்திருக்கிறார், ஆனால் அந்த மௌனம் இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் எழுதி வைத்த மௌனம். பெண் பேச மாட்டாள் என்று திரைக்கதை முடிவு செய்த பிறகு பார்க்கிற நாமே அவள் முகத்தில் என்னென்னவோ எழுதிக்கொள்கிறோம். சூரிக்கு அந்த வசதி இல்லை. அவன் என்ன நினைக்கிறான் என்று நமக்குத் தெரிய வேண்டும், அதோடு வெறுக்கவும் வேண்டும், ஆனால் அவன் ஏதோ கார்ட்டூன் வில்லன் என்று தள்ளிவிடவும் கூடாது.

தூரிகை:
சூரியின் குரலைக் கவனித்தீர்களா? தொண்டை கட்டி, கழுத்தில் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு, கரகரவென்று காற்றாக வரும் குரல். கத்த வேண்டிய ஆளுக்குக் கத்த முடியவில்லை. ஆம்பளை என்ற அதிகாரம் தொண்டையிலேயே அடைத்துக் கிடக்கிறது. அந்தக் குரலோடு கடைசி வரை போவது சாதாரண விஷயம் இல்லை, ஒரு இடத்தில் நழுவினாலும் தெரிந்துவிடும்.

வெண்ணிலா கபடி குழுவில் (2009) புரோட்டா சாப்பிட்டுக் கோட்டை அழிக்கச் சொன்ன ஆள் இவர் என்று யாராவது சொன்னால்தான் ஞாபகம் வருகிறது. விடுதலை குமரேசனும் கொட்டுக்காளி பாண்டியும் ஒரே நடிகர் என்பதையும் அப்படித்தான். குமரேசன் தன்னை ஒடுக்கிக்கொண்டு நிற்பவன், பாண்டி அடுத்தவரை ஒடுக்குபவன். முதுகு வளைவதிலேயே வித்தியாசம் தெரிகிறது.

மழைக்குருவிக்கு ஒன்று: சாலையை மறித்து நிற்கும் மாட்டை ஆண்கள் எல்லாம் விரட்டப் பார்த்துத் தோற்க, ஒரு சிறுமி வந்து சர்வ சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போவாளே, அந்தக் குழந்தைக்கும் ஒரு கைதட்டு.

கிளாப் பலகை:
நகைச்சுவைக்காரர்கள் குணச்சித்திரம் பக்கம் வந்தால் கலக்குகிறார்கள் என்பது நாகேஷ் காலத்துப் பேச்சு. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி வருவதில்லை என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை.

வடிவேலு மாமன்னனில் (2023) என்ன செய்தார்? தன் உடம்பில் இருந்த துள்ளல் அத்தனையையும் கழற்றி வைத்தார். நாற்காலி இருந்தும் உட்காராமல் நிற்கும் ஒரு எம்.எல்.ஏ. மகன் உட்கார வைக்கும்போது அந்த உடம்பு நாற்காலியில் பொருந்தத் தயங்குகிறது. அதில் நகைச்சுவை நடிகரின் சுவடே இல்லை. பிறகு மாரீசனில் (2025) மறதி நோயாளியாக வந்தபோது பழைய வடிவேலுவின் குழைவைக் கொஞ்சம் திரும்ப எடுத்துக்கொண்டார். பகத் பாசிலோடு பயணம் போகிற முதல் பாதியில் அது நன்றாகவே வேலை செய்தது. இரண்டாம் பாதியில் கதை அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, நடிக்க இடம் கொடுக்கவில்லை.

எம்.எஸ். பாஸ்கர் வழி வேறு. பார்க்கிங் படத்தில் அவர் எதையும் கழற்றவில்லை. அதே படபடப்பு, அதே அழுத்தம் திருத்தமான உச்சரிப்பு. நாம் இத்தனை வருடம் சிரித்த அதே பாவனைகள் இங்கே கசப்பாக மாறுகின்றன. ஓய்வு பெறப்போகும் நேர்மையான அரசு அதிகாரி, வீட்டில் எல்லோரையும் சிக்கனத்தால் வதைப்பவர், மாடியில் குடிவந்த பையனோடு வண்டி நிறுத்தும் இடத்துக்காக மோதி, ஆத்திரத்தில் காரே வாங்கிவிடுகிறார். இளம்பரிதி என்ற அந்த மனிதரிடம் நியாயமும் அற்பத்தனமும் ஒரே மூச்சில் வெளிவரும். 71ஆவது தேசிய விருதில் சிறந்த துணை நடிகர் அவர்தான், மலையாள நடிகர் விஜயராகவனோடு பகிர்ந்துகொண்டார். எனக்குத் துணை நடிகர் என்ற சொல்தான் உறுத்தியது. அந்தப் படத்தில் யாருக்கு யார் துணை?

மூன்றாவது வழி சிங்கம்புலி. மகாராஜாவில்...

நிழல்:
நிறுத்துங்கள். இன்னும் மகாராஜா பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

கிளாப் பலகை:
சரி, விவரம் சொல்லவில்லை. அவரை வழக்கமான சிங்கம்புலியாகவே நம்மிடம் காட்டிக்கொண்டு போகிறார்கள் என்பது வரை சொன்னால் போதும். பார்த்தவர்களுக்குப் புரியும். அவர் இயக்குநரும்கூட, மாயாவி அவர் இயக்கியதுதான். தன் முகத்துக்குத் திரையில் என்ன மதிப்பு என்று தெரிந்தவர் மட்டுமே அந்த வேடத்துக்குத் தலையாட்டுவார்.

இடைவேளை:
மகாராஜா பேச்சு வந்ததால் விஜய் சேதுபதியையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய 50ஆவது படம். காவல் நிலையத்தில் "லட்சுமியைக் காணோம்" என்று புகார் கொடுக்கிறார். லட்சுமி என்பது ஒரு குப்பைத்தொட்டி. அந்தக் கதையை ஒவ்வொரு போலீஸ்காரரிடமும் முதலில் இருந்து சொல்ல வேண்டும். அதே சொற்கள், அதே கையசைவு, அதே ஏற்ற இறக்கம். முதல் தடவை சிரிப்பு, அடுத்த தடவை சலிப்பு, அதற்கடுத்து சந்தேகம்: இவன் ஏன் ஒரு சொல்கூட மாற்றாமல் சொல்கிறான்? நடிகர்களுக்குப் பொதுவாக ஒரே வசனம் திரும்ப வந்தால் கை அரிக்கும், புதிதாக ஏதாவது சேர்க்கத் தோன்றும். இவர் அதை அடக்கிக்கொண்டார். நான் அவர் பேச்சுப் பாணியில் சலித்துப்போன ஆள்தான். பல படங்களில் ஒரே இழுவை. இங்கே அந்த ஒரே மாதிரித் தன்மையே கதைக்குத் தேவைப்பட்டது.

வடலி:
நான் கொஞ்சம் வேறு பக்கம் இழுக்கிறேன். டூரிஸ்ட் ஃபேமிலி, ஈழத்திலிருந்து படகில் தமிழ்நாட்டுக்கு வந்து சேரும் ஒரு குடும்பத்தின் கதை. எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம், நல்லாய்ச் சிரித்தோம், அழுதோம். ஆனால் ஈழத்துப் பேச்சைப் பற்றி ஒரு மனத்தாங்கல்.

சசிகுமார் சொற்களைச் சரியாகவே பிடித்திருக்கிறார். பிரச்சினை சொல்லில் இல்லை, ராகத்தில். எங்கள் பேச்சில் வாக்கியம் முடிகிற இடத்தில் ஒரு நெளிவு இருக்கும். அமைதியான காட்சிகளில் அவருக்கு அது வருகிறது, கோபமோ அழுகையோ வந்தவுடன் அவருடைய மதுரைப் பக்கத்துத் தாளம் எட்டிப் பார்க்கிறது. சிம்ரன் இதைச் சாமர்த்தியமாகக் கையாண்டார் என்பது என் எண்ணம். குறைவாகப் பேசி, பார்வையால் பேசுவதை அதிகமாக்கிக்கொண்டார். சின்ன மகனாக வரும் கமலேஷ்தான் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டது. அந்தப் பொடியன் வாயில் பேச்சு ஒட்டவைத்தது போலவே தெரியவில்லை.

இன்னொன்று. கன்னத்தில் முத்தமிட்டாலில் (2002) ஈழத்துத் தாய்க்குப் பிறந்த குழந்தையை வளர்க்கும் தமிழ்நாட்டு அம்மாவாக வந்தவர் சிம்ரன். இந்தப் படத்தில் அவரே அங்கிருந்து படகில் வந்து இறங்குகிற அம்மா. அந்த இரண்டு அம்மாக்களுக்கும் நடுவில் எவ்வளவு காலம் ஓடிவிட்டது என்று நினைத்தபோது ஒரு மாதிரி இருந்தது.

முன்வரிசை:
தாளம் நழுவியது எனக்குத் தெரியவே இல்லை, தெரிந்துகொள்ளும் காதும் எனக்கு இல்லை. ஆனால் சசிகுமாரின் பலமே அந்த முரட்டு நேர்மைதானே. அயோத்தியில் (2023) பார்த்த அதே ஆள்: அலட்டாமல் உதவி செய்வார், நன்றி சொன்னால் நெளிவார். டூரிஸ்ட் ஃபேமிலியில் தர்மதாஸ் தெருவில் ஒவ்வொரு வீடாகப் பழகிக்கொண்டு போவதை நாம் நம்புவது அவர் முகத்தால்தான். பேச்சு நூற்றுக்கு நூறு சரியாக இருந்து இந்த முகம் இல்லாமல் போயிருந்தால் படம் நின்றிருக்காது.

வடலி:
முகத்தை நானும் நம்பினேன். காதுதான் நம்பவில்லை. நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்டுவிட்டேன், என்ன செய்வது?

பழைய ரீல்:
வடலி சொன்னதை அலட்சியப்படுத்தக் கூடாது. குரல் என்பது நடிப்பில் பாதி, தமிழில் இதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அந்தப் படத்திலேயே பாருங்கள், குமரவேலின் மனைவி மங்கையர்க்கரசியாக வருபவர் ஸ்ரீஜா ரவி. பல கதாநாயகிகளின் குரலாக நம் காதில் குடியிருந்தவர். கொஞ்ச நேரம்தான் வருகிறார், அதற்குள் அந்தப் பாட்டி நமக்குச் சொந்தமாகிவிடுகிறாள். கிளாப் பலகை சொன்ன எம்.எஸ். பாஸ்கரும் டப்பிங்கில் பழுத்தவர்தான். இவர்களுக்கெல்லாம் ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல்லில் மூச்சை விட வேண்டும் என்று தெரியும். இன்று முன்னணியில் இருக்கும் சிலர் பேசும்போது மானிட்டரைப் பார்த்துப் படிப்பது போல இருக்கிறது. பெயர் வேண்டாம், சண்டை வரும்.

தூரிகை:
லப்பர் பந்து யாருமே எடுக்கவில்லையே! அட்டகத்தி தினேஷ் எல்லாப் பாராட்டையும் அள்ளிக்கொண்டு போனார், தகுதியான பாராட்டுதான். எனக்கு அந்தப் படம் சுவாசிகாவின் படம். கல்யாண வயதில் மகள் இருக்கிற அம்மா வேடம், அவருக்கோ வயது குறைவு. நரையைப் பூசி அம்மாவாக்கவில்லை. நடையில் அம்மாவானார். டிராக்டரை ஓட்டிக்கொண்டு கிரிக்கெட் மைதானத்துக்குள் இறங்குகிறாரே, அந்த ஒரு காட்சியில் புருஷன் மீது கோபமும் இருக்கிறது, அவனை இன்னும் விட்டுக்கொடுக்காத காதலும் இருக்கிறது. மாமியாராக வரும் கீதா கைலாசத்தோடு அவர் சேரும் இடங்களில் வழக்கமான மாமியார் மருமகள் சண்டையை எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். இயக்குநர் தமிழரசன் பச்சமுத்துவுக்கு அது முதல் படம் என்றால் யார் நம்புவார்கள்?

முன்வரிசை:
தினேஷ் செய்த கெத்து என்ற பாத்திரம் வெளியே புலி, வீட்டில் பூனை. இந்த இரண்டையும் அவர் தனித்தனியாக நடிக்கவில்லை, அதுதான் அழகு. விஜயகாந்த் பாட்டு ஒலிக்க மட்டையோடு இறங்கும்போதும் "பொண்டாட்டிக்குத் தெரிந்தால் என்ன ஆகும்" என்ற பயம் ஒரு ஓரத்தில் இருக்கும். வீட்டில் தலையைக் குனிந்து நிற்கும்போதும் வீம்பு இருக்கும். தன் பலவீனத்தை ஒரு சின்னப்பையன் ஊர் முன்னால் சொல்லிவிட்டான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. நாற்பதைத் தாண்டிய மனிதர் பள்ளிக்கூடப் பையன் போலச் சிணுங்குகிறார், ஆனால் நமக்குக் கேவலமாகத் தெரியவில்லை.

ஹரிஷ் கல்யாண் பாவம். பார்க்கிங்கிலும் சரி, இதிலும் சரி, பக்கத்தில் இருப்பவர் கைதட்டு வாங்க இவர் மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இடைவேளை:
பார்த்தீர்களா, கடைசியில் நம்ம கட்சிக்கே வந்துவிட்டீர்கள். எதிரில் ஹரிஷ் கல்யாண் மாதிரி அடக்கி வாசிக்கும் ஒருவர் இல்லை என்றால் பாஸ்கரும் தினேஷும் யார் மேல் மோதுவார்கள்? அவரும் சரிக்குச் சரி ஆடியிருந்தால் இரண்டு படமும் கூச்சலாகப் போயிருக்கும்.

முன்வரிசை:
வரவில்லை, வரவில்லை. பாவம் என்றுதான் சொன்னேன், விருது கொடுங்கள் என்று சொல்லவில்லை!

மழைக்குருவி:
குழந்தைகளைப் பற்றிக் கொஞ்சம். வாழையில் பொன்வேலும் ராகுலும். கமல் பெரியவரா ரஜினி பெரியவரா என்று இரண்டும் மல்லுக்கட்டும் இடங்களில் மாரி செல்வராஜ் கேமராவை வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார் போல. வாழைத்தார் சுமக்கும் காட்சிகளில் பொன்வேலின் கழுத்து நரம்பைப் பாருங்கள். கடைசியில் பசியோடு சோற்றில் கை வைக்கிற காட்சியைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. டீச்சராக வரும் நிகிலா விமலை அவன் பார்க்கும் பார்வையில் ஒரு துளி விகாரம் கலந்திருந்தாலும் படம் கெட்டிருக்கும். அந்த வயதுக்கே உரிய மயக்கம் மட்டும்தான் இருந்தது.

பறந்து போவில் மிதுல் ரயானும் அப்படித்தான். சிவா தன் வழக்கமான சிவாவாகவே வந்து போகிறார், பையன்தான் அவரை அப்பாவாக மாற்றுகிறான்.

நிழல்:
எல்லோரும் கண்ணீர் வடிக்கும் படங்களாகவே எடுத்துப் போடுகிறீர்கள். குடும்பஸ்தன் (2025) பாருங்கள். மணிகண்டனை எனக்கு ஜெய் பீம் ராஜாக்கண்ணுவுக்குப் பிறகு வேறு வேடத்தில் ஏற்க முடியுமா என்று சந்தேகம் இருந்தது. வேலை போனதை வீட்டில் மறைத்துக்கொண்டு, கடன் மேல் கடன் வாங்கி, ஒவ்வொரு பொய்க்கும் இன்னொரு பொய்யை முட்டுக்கொடுக்கும் நவீனாக அவர் படும் பாட்டைப் பார்த்தால் சிரிப்பும் வரும், வயிற்றையும் கலக்கும்.

ஆனால் அந்தப் படத்தில் என் ஓட்டு குரு சோமசுந்தரத்துக்கு. ஜோக்கரில் (2016) மன்னர் மன்னனாகவும் மின்னல் முரளியில் (2021) அந்த வில்லனாகவும் உருக்கியவர், இங்கே காசுத் திமிர் பிடித்த மாப்பிள்ளை. மச்சான்காரனை மட்டம் தட்ட அவருக்குக் குரலை உயர்த்த வேண்டிய அவசியமே இல்லை. நாற்காலியில் சாய்கிற சாய்விலேயே அவமானம் செய்துவிடுகிறார். கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் பழகிய ஆள் இல்லையா, உடம்பு சொன்னபடி கேட்கிறது. இவரை மாதிரி ஒரு மாப்பிள்ளை எல்லாக் குடும்பத்திலும் இருப்பதால்தான் தியேட்டரில் அப்படிச் சிரித்தார்கள்.

பேசுவதா கேட்பதா என்று இவ்வளவு நேரம் அடித்துக்கொண்டீர்களே, இவர் இரண்டும் செய்யாமல் வெறுமனே உட்கார்ந்தே காட்சியைத் திருடுகிறார். அவரை எந்தக் கட்சியில் சேர்ப்பீர்கள்?

முன்வரிசை:
எங்கள் கட்சியில்.

இடைவேளை:
மன்னிக்கவும், ஏற்கெனவே எங்களிடம் உறுப்பினர் அட்டை வாங்கிவிட்டார். அடுத்து கீதா கைலாசத்தின் அங்கம்மாளைப் பார்த்துவிட்டு வாருங்கள், ரவிக்கை போட மாட்டேன் என்று அந்த அம்மாள் மகனிடம் நிற்கிற நிலையைப் பற்றிச் சண்டை போட நிறைய இருக்கிறது.